பத்தியம் தவறியதால் வந்ததல்ல

ஹெர்பிஸ் கொப்புளம் ஒருமுறை வந்து ஆறி, பிறகு அதே இடத்தில் மறுபடியும் எழும்பியவர் கைக்கு எங்கிருந்தோ ஒரு பட்டியல் வந்து சேர்ந்துவிடுகிறது. மருந்துக்கடையில் சொல்கிறார்கள், வாட்ஸாப்பில் வருகிறது, சில வேளை மருத்துவரே மருந்துச்சீட்டின் ஓரத்தில் எழுதித் தருகிறார். நிலக்கடலை கூடாது, முந்திரி, பாதாம் கூடாது, எள் கூடாது, தேங்காயைக் குறைக்க வேண்டும், சாக்லேட் பக்கமே போகக்கூடாது. பால், தயிர், மீன், கோழி, பப்பாளி, மாம்பழம் தாராளமாகச் சேர்க்கலாம். பட்டியலோடு ஒரு விளக்கமும் வருகிறது. முதல் வரிசை உணவுகளில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் அதிகம், அது வைரஸுக்குத் தீனி. இரண்டாம் வரிசையில் லைசின் என்ற அமினோ அமிலம் அதிகம், அது வைரஸைப் பட்டினி போட்டுவிடும். உலகெங்கும் பரவியிருக்கும் நம்பிக்கை இது. மருந்து பாதி, பத்தியம் பாதி என்று நினைத்துப் பழகிய நம் வீடுகளில் இதற்குக் கூடுதல் மரியாதை கிடைக்கிறது. இந்தப் பத்தியத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது என் முதல் வாதம். ஆதாரமில்லாத ஒன்றைக் கடைப்பிடித்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாதபடி, அது நோயாளிக்குக் கெடுதல் செய்கிறது என்பது அதைவிட முக்கியமான வாதம்.

முதலில் இந்த வைரஸ் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் சிறுவயதில் முத்தத்தாலும் எச்சிலாலும் தொற்றி உதட்டோரத்தில் தலைகாட்டுவது. இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவில் தொற்றிப் பிறப்புறுப்பில் வருவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு முதல் வகையும், 15 முதல் 49 வயதுக்குள் 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகையும் இருக்கின்றன. தோலில் முதல் தொற்று ஏற்பட்டதும் வைரஸ் அங்கிருந்து உணர்வு நரம்பு வழியாக ஏறி, முகத்து நரம்பாக இருந்தால் மண்டையோட்டின் அடிப்பகுதியிலும், பிறப்புறுப்பாக இருந்தால் முதுகுத் தண்டின் அடியிலும் உள்ள நரம்பு முடிச்சில் போய் அமர்கிறது. அங்கே வாழ்நாள் முழுக்க உறங்கும். உறங்கும்போது அது புதிய வைரஸ்களை உண்டாக்குவதில்லை. எனவே அதற்குத் தீனியும் வேண்டாம். எப்போதாவது அந்த முடிச்சில் ஏதோ ஒரு குறி தட்ட, விழித்துக்கொண்டு வந்த வழியே இறங்கித் தோலுக்கு வருகிறது. அதே இடத்தில் மறுபடி மறுபடி வருவதன் காரணம் அந்த நரம்பின் பாதைதான். நாம் சாப்பாட்டுத் தட்டில் செய்கிற மாற்றம் அந்த முடிச்சுக்குள் இருக்கும் உறக்கத்தையும் விழிப்பையும் எப்படித் தொடுகிறது என்று பட்டியல் கொடுப்பவர்கள் விளக்குவதே இல்லை.

பட்டியலின் பூர்வீகம் ஒரு ஆய்வுக்கூடத் தட்டு. 1964இல் டேங்கர்ஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதச் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றுக்கு ஊட்டும் நீரிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஹெர்பிஸ் வைரஸ் பெருகுகிறதா என்று பார்த்தார். அர்ஜினின் இல்லாத நீரில் வைரஸால் பெருக முடியவில்லை. நல்ல ஆய்வு; அதன் முடிவை யாரும் மறுக்கவில்லை. 1974இல் கேகன் என்பவர் லைசின் கொடுத்தால் ஹெர்பிஸ் அடங்குகிறது என்று லான்செட் இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். 1978இல் கிரிஃபித், நோரின்ஸ் ஆகியோருடன் அவர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் 45 நோயாளிகளுக்கு லைசின் மாத்திரை தரப்பட்டது; புண் சீக்கிரம் ஆறியது, மறுபடி வருவது குறைந்தது என்று எழுதினார்கள். மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாவு மாத்திரை பெற்ற குழு அதில் இல்லை. இந்தச் சங்கிலியிலிருந்துதான், எந்த உணவில் லைசின் எவ்வளவு, அர்ஜினின் எவ்வளவு என்று ஊட்டச்சத்து அட்டவணைகளைப் பார்த்து வகுத்துக் கணக்குப் போட்டு, நல்லது கெட்டது என்று இரண்டு வரிசை எழுதினார்கள். நிலக்கடலையை நிறுத்தியவர்களையும் நிறுத்தாதவர்களையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து பிறந்ததல்ல அந்தப் பட்டியல். இதை அறியாமலே அரை நூற்றாண்டாக மக்கள் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

தட்டில் வளரும் செல்லுக்குச் சிறுநீரகம் கிடையாது. மனிதனுக்கு உண்டு. இந்த ஒரு வேறுபாட்டிலேயே பட்டியலின் அடித்தளம் பெயர்ந்துவிடுகிறது. நம் சிறுகுடல் சிட்ருலின் என்ற பொருளை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் அதை வாங்கி அர்ஜினினாக மாற்றித் திருப்பி விடுகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் 1940களில் மாணவர்களுக்குச் சோளமாவும் சர்க்கரையும் நெய்யும் சுத்திகரித்த அமினோ அமிலங்களும் மட்டுமே கொடுத்து, ஒவ்வோர் அமினோ அமிலமாக நீக்கிப் பார்த்தார். லைசினை நீக்கினால் உடலின் நைட்ரஜன் கணக்கு உடனே சரிந்தது. அர்ஜினினை அறவே நீக்கியும் சரியவில்லை, ஏனென்றால் வளர்ந்த மனிதனின் உடல் அதைத் தானே செய்துகொள்கிறது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. ஒரு வளர்ந்தவரின் உடல் நாள்தோறும் 300 கிராம் அளவுக்குத் தன் சொந்தப் புரதத்தையே உடைத்து மறுபடி கட்டுகிறது; அந்தப் புழக்கத்தில் மட்டும் அர்ஜினின் 15 கிராம் அளவுக்கு வந்து போகும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையில் இருப்பது ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதிலும் ஒரு பெரும் பங்கு குடலைத் தாண்டுவதற்குள் உடைந்துபோகிறது. ஆற்றில் ஒரு சொம்பைக் கவிழ்த்துவிட்டு வெள்ளம் வந்துவிடும் என்று பயப்படுவது போன்றது இது.

அளவைப் பார்க்காமல் விகிதத்தை மட்டும் பார்த்ததால் பட்டியலில் வந்திருக்கும் கோளாறு இன்னும் வெளிப்படையானது. சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 2 கிராம் அளவுக்கு அர்ஜினின் இருக்கிறது. அது நல்ல வரிசையில். 30 கிராம் பால் சாக்லேட்டில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அது தீயதிலும் தீயது. தேங்காயில் புரதமே நூற்றுக்கு மூன்று நான்கு கிராம்தான். ஒரு கரண்டிச் சட்னியில் போகிற அர்ஜினின் மிகச் சொற்பம், ஆனாலும் தேங்காய் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. கோழியில் அர்ஜினின் நிறைய இருந்தாலும் லைசின் அதைவிட அதிகம், அதனால் வைரஸ் அடங்கிவிடும் என்பார்கள். அப்படியானால் வாதம் அர்ஜினினை விட்டு லைசினுக்கு மாறிவிட்டது. லைசின் அடக்குமா என்பதை லைசினைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

டென்மார்க்கில் மில்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி உதட்டுக் கொப்புளம் வரும் 65 பேருக்கு நாளுக்கு ஒரு கிராம் லைசினும் வெறும் மாத்திரையும் மாற்றி மாற்றித் தரப்பட்டன. எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. கொப்புளம் வரும் வேகம் குறையவில்லை. ஆனால் லைசின் எடுத்த காலத்தில் ஒருமுறைகூடக் கொப்புளம் வராதவர்கள் சற்றே அதிகம் இருந்தார்கள் என்பதையும் அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். 1984இல் அமெரிக்காவில் டிஜியோவானாவும் பிளாங்கும் 21 பேரை வைத்து நடத்திய ஆய்வில் பயன் ஏதுமில்லை. 1987இல் கிரிஃபித் நாளுக்கு 3 கிராம் கொடுத்து நடத்திய ஆறு மாத ஆய்வு லைசினுக்குச் சாதகமாக வந்தது. ஐம்பது சொச்சம் பேர் இருந்த சிறிய ஆய்வு அது. உதட்டுக் கொப்புளத்தைத் தடுக்கும் வழிகளைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோட்ட காக்ரேன் தொகுப்பு 2015இல் வெளியானது. 32 ஆய்வுகள், 2640 பேர். லைசின் தடுக்கிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றுதான் அது முடித்தது. ஆகவே நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், நாளுக்கு ஒரு கிராம் அளவில் லைசின் மாத்திரை வேலை செய்வதாகத் தெரியவில்லை. மூன்று கிராம் அளவில் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், அதுவும் உறுதியாகவில்லை. இந்த அரைகுறைச் சான்றும் மாத்திரைக்கு உரியது. ஒரு டம்ளர் பாலுக்கோ தட்டிலிருந்து விலக்கிய கடலைக்கோ இதை மாற்றி எழுத முடியாது.

அர்ஜினினைக் குறைத்து வைரஸைப் பட்டினி போட முடியும் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது பட்டினி கிடக்கப்போவது யார்? நரம்பு முடிச்சைச் சூழ்ந்து காவல் நிற்பவை டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். வைரஸ் விழிக்கும்போது அதை அடக்குவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் செல்கள் பெருகவும் வேலை செய்யவும் அர்ஜினின் வேண்டும். அது வற்றினால் அவை சோர்ந்துவிடுகின்றன என்பது எதிர்ப்பாற்றல் ஆய்வில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. எதிரி உண்ணும் சோற்றைத்தான் காவலாளியும் உண்கிறான். எதிரிக்கு மட்டும் உலை வைக்காமல் விட முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி பாக்கி நிற்கும்: “எனக்குக் கடலை தின்னா வருது, நிறுத்தினா வரல. இதுக்கு என்ன சொல்றீங்க?” இந்த அனுபவத்தைப் பொய் என்று தள்ளுவது தவறு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. இந்த நோயின் நடையே அப்படி நம்ப வைக்கிறது. இரண்டாம் வகை ஹெர்பிஸ் பிறப்புறுப்பில் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வுகளில், முதல் ஆண்டில் நடுத்தரமாகப் பெண்களுக்கு நான்கு முறையும் ஆண்களுக்கு ஐந்து முறையும் கொப்புளம் திரும்ப வந்தது. பிறகு ஆண்டுகள் செல்லச் செல்ல, எந்த மருந்தும் இல்லாமலே பெரும்பாலோருக்கு அது குறைந்தது. ஒருவர் எப்போது பத்தியத்தைத் தொடங்குவார்? மூன்று மாதத்தில் மூன்று முறை வந்து அலுத்துப்போன உச்சத்தில்தான் தொடங்குவார். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் தானாகவே வரும். அந்த இறக்கத்தில் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதற்கே பெயர் போய்ச் சேரும். அது பத்தியமானாலும் சரி, நேர்த்திக்கடனானாலும் சரி. வெறும் மாத்திரை பெற்ற குழுவும் ஏன் வேண்டும் என்பதற்கு இந்த நோயைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

இன்னும் நுட்பமான ஏமாற்று நினைவில் இருக்கிறது. கண்ணில் ஹெர்பிஸ் வந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், 308 பேர் வாரந்தோறும் ஒரு குறிப்பேட்டை நிரப்பி வந்தார்கள்: அந்த வாரம் மனக்கவலை இருந்ததா, வெயிலில் அலைந்தார்களா, காய்ச்சல் வந்ததா, மாதவிலக்கா என்று. 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு மிகவும் கவனிக்கத்தக்கது. நோய் திரும்புவதற்கு முன்பே முறையாக நிரப்பிய குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது இவற்றில் எதற்கும் நோயோடு தொடர்பு தெரியவில்லை. சிலர் கண் சிவந்த பிறகு, தாமதமாக, முந்திய வாரத்தை நினைத்து நிரப்பியிருந்தார்கள். அவர்கள் மனக்கவலை அதிகம் இருந்ததாக எழுதியிருந்தார்கள். நோய் வந்துவிட்டால் மனம் பின்னோக்கிப் போய்க் காரணத்தைத் தேடி எடுத்து வருகிறது. ஒரு வாரத்துக் கவலைக்கே இந்த கதி என்றால், தினமும் எந்தச் சமையலிலும் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடுகிற கடலைக்கும் தேங்காய்க்கும் என்ன சொல்ல? கொப்புளம் வந்த அன்றைக்கு முந்திய மூன்று நாளில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்ளாத வீடு எது? வராத வாரங்களிலும் அதே சட்னியைத்தான் தொட்டோம் என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. (கவலைக்கும் பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கும் உள்ள தொடர்பு வேறு: 58 பெண்களைக் கவனித்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில் வாரக்கணக்கில் நீடிக்கும் கவலைக்குப் பிறகு நோய் திரும்புவது கூடியது, ஒருநாள் இருநாள் பதற்றத்துக்கு அல்ல. ஆக, கவலையைப் பற்றியே ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.)

உணவையும் கொப்புளத்தையும் நாள் பார்த்துப் பொருத்துவது வீண் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொப்புளம் தெரியும் நாளில் மட்டும் வைரஸ் வெளியே வருவதில்லை. நோய்க்குறி கண்ட இரண்டாம் வகைத் தொற்றாளர்கள் தினமும் தாங்களே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்த ஆய்வில், நூற்றுக்கு 20 நாட்களில் வைரஸ் தோலில் இருந்தது. நோய்க்குறியே ஒருபோதும் தெரியாதவர்களிடம்கூட நூற்றுக்கு 10 நாட்களில் இருந்தது. 2011இல் வெளியான கணக்கு இது. பல வேளை அது சில மணி நேரம் தலைகாட்டிவிட்டு, உடலின் காவலால் அடங்கிவிடுகிறது. ஆகவே ‘கடலை தின்னாத மாதம் வைரஸ் வரவில்லை’ என்று நினைப்பவருக்கு அந்த மாதமும் வந்து போயிருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்தப் பட்டியல் ஏற்கெனவே இருந்த வேறொரு பட்டியலின் மேல் வந்து அமர்ந்திருக்கிறது. உதட்டோரம் கொப்புளம் கண்டால் ‘உடம்புச் சூடு’ என்போம். கோழியும் முட்டையும் மாம்பழமும் பப்பாளியும் சூடு என்று ஒதுக்குவோம். லைசின் பட்டியலோ இதே கோழியையும் முட்டையையும் மாம்பழத்தையும் பப்பாளியையும் நல்ல வரிசையில் வைத்திருக்கிறது. சூட்டைத் தவிர்த்துப் பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். சூடு என்று ஒதுக்கியதையே விரும்பித் தின்று பலன் கண்டவர்களும் இருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பத்தியங்களும் ஒரே நோயைக் கட்டுப்படுத்தியதாகத் தோன்றுகிறதென்றால், கட்டுப்பட்டது வேறு காரணத்தால் என்றுதான் பொருள். இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் வீட்டில் நோயாளிக்கு மிஞ்சுவது மோரும் சோறும்தான். இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: உடலின் ஒரு பக்கமாகப் பட்டை போல எழும்பும் அக்கி, ஹெர்பிஸ் என்ற குடும்பப் பெயரைப் பகிர்ந்துகொண்டாலும் சின்னம்மை வைரஸால் வருவது. அதற்கும் இந்தப் பட்டியலைக் கொடுப்பவர்கள் ஆய்வுக்கூடத் தட்டின் சான்றைக்கூடக் கைவிட்டவர்கள். அக்கி எழுதக் குயவர் வீட்டுக்குப் போய்க் காத்திருக்கும் நேரத்தில் மருந்து தொடங்க வேண்டிய முதல் மூன்று நாள் கடந்துவிடுகிறது.

சரி, பத்தியத்தால் பலன் இல்லையென்றே இருக்கட்டும், கெடுதல் என்ன என்று கேட்பார்கள். நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல விரும்புகிறேன். விலக்கப்படும் பொருட்களைப் பாருங்கள்: நிலக்கடலை, எள், முழுத் தானியங்கள். விகிதக் கணக்கை அட்சரசுத்தமாகப் பின்பற்றினால் கொண்டைக்கடலையும் தப்பாது. சைவச் சாப்பாட்டில் மலிவாகப் புரதம் கிடைக்கும் வழிகள் இவை. அரிசியில் லைசின் குறைவு; பருப்பும் கடலையும் சேரும்போதுதான் சாப்பாடு நிறைவு பெறுகிறது. முட்டையும் மீனும் சேர்க்காத ஒரு பெண், லைசின் கூட வேண்டும் என்று பருப்பையும் கடலையையும் குறைத்தால், எதைக் கூட்ட நினைத்தாரோ அதையே குறைத்துக்கொள்வார். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அவர்களிடம் எள்ளுருண்டையையும் கடலையையும் பறிப்பதற்கு ஒரு கெட்டியான காரணம் வேண்டாமா?

சத்துக் குறைவைவிட எனக்குப் பெரிதாகப்படுவது பழி. பத்தியம் என்ற ஏற்பாட்டில் நோய் திரும்பினால் தவறியது நோயாளி. “என்னத்தையோ தின்னிருக்கே” என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிடுகிறார். சொல்லாவிட்டாலும் நோயாளியே தன்னைச் சொல்லிக்கொள்கிறார். ஏற்கெனவே வெளியில் சொல்ல முடியாத நோய் இது. பிறப்புறுப்பில் வந்தால் ஒழுக்கத்தின் மேல் சந்தேகம், எங்கிருந்து வந்தது என்ற விசாரணை. பல ஆண்டுகளுக்கு முன் அறியாமலே தொற்றியது இப்போது முதல்முறையாகத் தலைகாட்டலாம் என்பதும், திரும்ப வருவதற்குப் புதுத் தொற்று தேவையில்லை என்பதும் தெரியாமல் எத்தனையோ மணவாழ்க்கைகள் கசந்துபோகின்றன. இந்தப் பாரத்தின் மேல், ஒவ்வொரு கொப்புளத்துக்கும் ஒரு துண்டுச் சாக்லேட் காரணம் என்ற குற்ற உணர்வையும் ஏற்றி வைப்பது கருணையற்ற காரியம். தன் நரம்பு முடிச்சில் நடப்பதற்கு ஒருவர் நாக்கைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை.

மூன்றாவது கெடுதல் மருந்தைத் தள்ளிப் போடுவது. அசைக்ளோவிர் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதை உருவாக்கிய கூடத்தில் தலைமை வகித்த கெர்ட்ரூட் எலியான் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். வைரஸின் சொந்த நொதியே அந்த மருந்தைத் தூண்டிவிட்டு வைரஸின் மேல் திருப்புகிறது. தொற்றாத செல்லில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். அடிக்கடி வருபவர்கள் மருத்துவர் சொன்னபடி தினமும் எடுத்தால் கொப்புளம் திரும்புவது நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு குறைகிறது. கண்ணில் வந்தவர்கள் 703 பேரை வைத்து 1998இல் வெளியான ஆய்வில், ஓராண்டு மாத்திரை எடுத்தவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. கண்ணில் திரும்பும் ஒவ்வொரு முறையும் கருவிழியில் தழும்பு விழலாம், பார்வை போகலாம். துணைக்குத் தொற்றுவதும் குறைகிறது: ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1484 இணையர்களில், வாலசைக்ளோவிர் தினமும் எடுத்தவர்களின் துணைக்குத் தொற்றியது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2004இல் வெளிவந்தது. இந்த மருந்து வைரஸை வேரோடு எடுத்துவிடாது; நிறுத்தினால் பழையபடி வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஆனால் அசைக்ளோவிர் உலக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, நம் நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. ‘முதலில் சாப்பாட்டில் கட்டுப்படுத்திப் பார்க்கிறேன்’ என்று ஆறு மாதம், ஓராண்டு கழிப்பவர்கள் இதைத்தான் ஆறு மாதம், ஓராண்டு இழக்கிறார்கள்.

அப்படியென்றால் நோயாளி தானாகச் செய்துகொள்ள ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அது சமையலறைக்கு வெளியே இருக்கிறது. வெயிலில் போனால் உதட்டில் கொப்புளம் வரும் 38 பேரிடம் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி நடத்திய ஆய்வு 1991இல் லான்செட்டில் வந்தது. வெறும் களிம்பு பூசியபோது அவர்களில் 71 விழுக்காட்டினருக்குக் கொப்புளம் வந்தது. வெயில்தடுப்புக் களிம்பு பூசியபோது ஒருவருக்கும் வரவில்லை. இவ்வளவு துப்புரவான முடிவு இந்தத் துறையில் அபூர்வம். நம் ஊர் வெயிலில் தொப்பியும் உதட்டுக்கு ஒரு வெயில்தடுப்புக் களிம்பும், கடலை மிட்டாயை விடுவதைவிட எவ்வளவோ பயனுள்ளவை. ஊறலும் எரிச்சலும் தொடங்கிய முதல் நாளிலேயே மாத்திரையைத் தொடங்குவது இன்னொன்று. கொப்புளம் முழுதாக எழும்பிய பிறகு தொடங்கினால் பயன் குறையும்.

நல்ல சாப்பாட்டால் எதிர்ப்பாற்றல் கூடாதா என்ற கடைசி மறுப்பில் உண்மை இருக்கிறது. ஊட்டமில்லாத உடலில் எந்தத் தொற்றும் கடுமையாகும். புரதக் குறைவும் துத்தநாகக் குறைவும் டி செல்களைத் தளர்த்தும். அது நன்றாகச் சாப்பிடச் சொல்லும் வாதம். கடலையும் எள்ளும் பருப்பும் தயிரும் கீரையும் பழமும் எல்லாம் உண்ணச் சொல்கிற வாதம். விலக்குப் பட்டியலுக்கு அதைத் துணைக்கு அழைக்க முடியாது. ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் வாய்க்குள் புண் வந்தால் அது அவருக்குரிய தனிச் சிக்கல்; வாய்க்குள் வரும் வெண்புண் பெரும்பாலும் ஹெர்பிஸே அல்ல. அதைத் தெரிந்துகொள்ளவும் பரிசோதனைதான் வேண்டும்.

இறுதியாக, மருந்துச்சீட்டின் ஓரத்தில் அந்தப் பட்டியலை எழுதித் தரும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் புறநோயாளிப் பிரிவுகளில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் கடலைக்கும் சாக்லேட்டுக்கும் இரண்டு நிமிடம் போகிறது. அந்த இரண்டு நிமிடத்தில், ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது, கண் சிவந்து வலித்ததுண்டா, துணைக்குத் தெரியுமா என்று கேட்கலாம். எதிரே இருப்பவர் பெண்ணென்றால் கர்ப்பமாக இருக்கிறாரா என்று கேட்கலாம். பிரசவ வேளையில் பிறப்புறுப்பில் புண் இருந்தால் குழந்தைக்குத் தொற்றலாம், அந்தத் தொற்று குழந்தையின் மூளையையும் உயிரையும் தொடக்கூடியது. கடைசி மாதத்தில் மாத்திரையாலும், புண் இருந்தால் அறுவைப் பிரசவத்தாலும் அதைப் பெரும்பாலும் தவிர்க்க முடியும். தனக்கு எப்போதாவது வந்து போகிற இந்தக் கொப்புளத்தைப் பிரசவம் பார்ப்பவரிடம் சொல்ல வேண்டும் என்று பல பெண்களுக்கு யாரும் சொன்னதில்லை. எள்ளுருண்டை தின்னக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.